எர்லீனின் இடது தோள்

வாத்து வேட்டை தொடங்க இன்னும் ஆறு நாள் இருந்தது. கித்ரோஸ் வீட்டுச் சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்க இடமில்லை. பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் குழல் தனி, மரக்கட்டை தனி, சுருள்வில் தனி என்று ஒரு துப்பாக்கி பிரிந்து கிடந்தது. இன்னொன்று சுவரில் சாய்ந்து தன் முறைக்குக் காத்திருந்தது. எண்ணெய்ப் புட்டி, தேய்ந்த பல் பிரஷ் இரண்டு, பஞ்சு சுற்றிய குச்சிகள் ஒரு டப்பா. ஓவி பலகையை மடியில் வைத்து, அடுப்போரம் முக்காலியில் குந்திக்கொண்டு வெங்காயம் அரிந்தான்.

"ஊர்ல மத்த வீட்ல எல்லாம் பொம்பள சமைப்பா, ஆம்பள துப்பாக்கி தொடைப்பான்," என்றான். "எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு."

"மத்த வீட்ல கம்போ வாயில வைக்க முடியாதுய்யா. மாவு கருகுது, கிண்டு," என்றாள் அவன் மனைவி எர்லீன், குழலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓவி துள்ளி எழுந்து கரண்டியைப் பிடித்தான். கம்போக் குழம்புக்கு எண்ணெயில் மாவை வறுக்கும்போது கண் அகலக்கூடாது; செப்புக்காசு நிறத்துக்கு வந்த பிறகு ஒரு நிமிஷம் தாமதித்தாலும் மொத்தமும் பாழ். அதில் அவன் கைதேர்ந்தவன். நெல் உலர்த்தும் ஆலையில் முப்பது வருஷம் சூடு பார்த்த கை அது. ஆனால் அந்தக் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்தால் போதும், திருகு ஒன்று மேசைக்கடியில் உருண்டுவிடும். அதனால் கல்யாணமான முதல் வருஷமே வேலை பிரிந்துபோனது. சட்டியும் கரண்டியும் ஓவிக்கு. இயந்திரம் என்று எது இருந்தாலும் எர்லீனுக்கு.

எர்லீனின் துப்பாக்கிக்குக் கூனி என்று பெயர். விசை இருக்கும் இடத்துக்கு மேலே முதுகு சதுரமாக எழும்பி நிற்கும் பழைய மாடல். ஒரு தோட்டா சுட்டால் அந்த உதையின் வேகத்திலேயே குழல் பின்னுக்கு வந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே துப்பி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். பத்து வருஷம் முன்பு எஃகு ரவைக்குத் தாங்கும் புதுக் குழல் வாங்கி மாட்டினாள். மற்றபடி கூனியின் ஒவ்வொரு ஆணியும் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

இந்த வருஷம் கூனியைப் பிரித்தது வெறும் துடைக்க அல்ல. அதை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

மார்ச் மாதம் வயலில் இறால் கூடு எடுக்கப் போனபோது நடந்தது அது. அறுப்பு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில், சேற்றில் உருண்டு தள்ளும் இரும்புச் சக்கரம் பூட்டிய தட்டைப் படகு போய்க்கொண்டிருந்தது. எர்லீன் விளிம்பில் நின்று ஒரு கூட்டைத் தூக்கிக் கவிழ்த்தாள். படகின் சக்கரம் கரையில் ஏறி இடித்ததில் அவள் தோள் தகரத் தொட்டியின் விளிம்பில் போய் விழுந்தது. தகடு ஒன்று, திருகு ஏழு வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதத்தில் சாமான் தூக்கினாள், துணி பிழிந்தாள். துப்பாக்கி உதை மட்டும் வலது தோளுக்கு ஆயுசுக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இடது தோளுக்கு ஆகுமா?" என்று கேட்டாள் எர்லீன். டாக்டர் சிரித்தார், அவள் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று. எர்லீன் சிரிக்கவில்லை.

அவளுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. மெலான்சன் பண்ணை வயலின் வடக்கு வரப்பில் புதைத்த இரும்புப் பதுங்குகுழியில் இரண்டு பேருக்குத்தான் பெஞ்சு. முதல் நாள் காலையில் யார் துப்பாக்கியோடு உட்காருகிறார்களோ, அந்தப் பருவம் முழுக்க இடம் அவர்களுக்கு. காலியாக இருந்தால் அடுத்து கேட்டு நிற்பவருக்கு. பண்ணைக்காரர் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அதை மீறியவர் யாரும் இல்லை. அடுத்து கேட்டு நின்றது வேறு யாருமில்லை, எர்லீனின் சொந்தத் தம்பி மைனோஸ்.

கூனி மேசையில் பிரிந்து கிடந்த அன்று சாயங்காலமே அவன் வந்தான். கையில் சுடச்சுட பூடான், சோறும் இறைச்சியும் திணித்த அந்தக் குடல் வகை, ஒரு பொட்டலம். மைனோஸ் சும்மா எதுவும் வாங்கி வரமாட்டான் என்று வீட்டு நாய் பிராலினுக்குக்கூடத் தெரியும்.

"அக்கா, தோள் எப்படி இருக்கு?"

"தோள் இருக்கு. நீ விஷயத்துக்கு வா."

"அது இல்லக்கா. எங்க குழி தெக்கால மூலையில கெடக்கு. போன வருஷம் பூரா ஒரு வாத்துகூட எங்க தலைக்கு மேல எறங்கல. கொசுவத்தான் சுட்டோம். நீ இந்த ஒரு வருஷம் ரெஸ்ட் எடுத்தீன்னா..."

"ரெஸ்ட்டா?"

"ஒரு வருஷத்துக்குத்தான்க்கா."

"ஏன்டா, உங்க மச்சான் பக்கத்துல ஒக்காந்து நீ என்ன பண்ணுவ? ரெண்டு பேரும் சேந்து வாய் பேசியே வாத்தத் தொரத்திருவீங்க."

ஓவி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது, சிரிக்கிறானா, சட்டியைக் கிண்டுகிறானா என்று தெரியவில்லை.

மைனோஸ் மேசையைப் பார்த்தான். கூனியின் கட்டை பக்கத்தில் ரம்பமும் அளவுநாடாவும் கிடந்தன. "இடது கையால சுடப் போறியாக்கா? அறுவத்து ரெண்டு வயசுல? மச்சான், நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"மாப்ளே," என்றான் ஓவி, "நான் சொல்லி அவ கேட்டது கடைசியா ரெண்டாயிரத்து நாலுல. அதுவும் காது சரியா கேக்காம ஆமான்னு சொல்லிட்டா. பூடான வெச்சிட்டுப் போ, ஆறிரும்."

மைனோஸ் போன பிறகு எர்லீன் குழலை மறுபடி மடியில் எடுத்தாள். ஒரு துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்துக்கொண்டே இருந்தாள். துணி வெள்ளையாகத்தான் வந்தது, ஆனாலும் இழுத்தாள். பிறகு சொன்னாள், "அவன் கேட்டதுல தப்பு இல்லய்யா. என்னால முடியலேன்னா அவனுக்குத்தான் குடுக்கணும். ஆனா முடியுதான்னு நான் பாக்கணும். நீ பாத்து எனக்குச் சொல்லக் கூடாது."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"நீ என்ன சொல்வேன்னு தெரியாதா. ரெண்டு பேரும் ஒண்ணா சுடுவோம், வாத்து விழும். 'உன்னோடதுதான் எர்லீ, நான் தள்ளிச் சுட்டேன்'னுவ. முப்பத்தோரு வருஷமா. எத்தனை வாத்து நான் சுட்டது, எத்தனை நீ தானம் குடுத்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

ஓவி பூடான் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினான். அவள் சொன்னது உண்மைதான்.

அடுத்த மூன்று நாள் வீடு மரத்தூளாகக் கிடந்தது. எர்லீன் இடது முழங்கையை மடக்கி, விரலிலிருந்து மடிப்புவரை அளவு எடுத்தாள். பழைய அளவைவிட இது ஒரு அங்குலம் குறைச்சல். ஆனால் கூனியின் கட்டைக்குள்ளே சுருள்வில்லின் குழாய் ஓடுகிறது. இஷ்டத்துக்கு அறுத்தால் குழாய் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் ரப்பர் மெத்தையின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, நாலு தடவை கோடு போட்டு, ஐந்தாவது கோட்டில் ரம்பம் வைத்தாள். ஓவியின் வேலை கட்டையைப் பிடித்துக்கொள்வது.

"கொழந்தையத் தூக்குற மாதிரி பிடிச்சா ஆடும்யா. கன்னுக்குட்டியக் கட்டுற மாதிரி பிடி."

"என் விரலு இருக்கு அங்க."

"தெரியுது. பத்தும் இருக்கான்னு பாக்குறேன்."

வெட்டிய முனையில் தடித்த ரப்பர் மெத்தையைத் திருகினாள். மரத்தில் கீறல் விழாதபடி நாடா ஒட்டிக்கொண்டு, உப்புத்தாளால் மெத்தையின் ஓரத்தை மரத்தோடு மரமாகத் தேய்த்துச் சமப்படுத்தினாள். கன்னம் படும் இடத்தில் மரத்தை இழைத்தாள். விசைப் பூட்டின் குமிழைக் கழற்றி, இடது கை விரலுக்கு வாட்டமாகத் திருப்பிப் போட்டாள். கடைசியாகத் தன் மூக்குக் கண்ணாடியின் வலது சில்லில் மங்கலான டேப் ஒரு துண்டு ஒட்டினாள். ஐம்பது வருஷமாக வேலை பார்த்த வலது கண் இனி ஒதுங்கி இருக்க வேண்டும். இடது கண் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

"அழகா இருக்க," என்றான் ஓவி. "கடல் கொள்ளைக்காரி மாதிரி."

புதன்கிழமை மத்தியானம் வாடைக்காற்று இறங்கியது. வானம் வெளுத்துச் சில்லென்று ஆனது. வீட்டுக்குப் பின்னால் அறுத்த வயலில், ஓவி கைவீச்சுக் கோலால் பறக்கும் குறியாக மண்தட்டை எறிய, எர்லீன் இடது தோளில் கூனியை வைத்தாள். தோளுக்காகத்தான் லேசான தோட்டாக்கள் வாங்கியிருந்தாள். முதல் தட்டு தப்பியது. கூனி ஒரு தோட்டா சுட்டது, பாதி வழியில் நின்றது. வெற்றுத் தோட்டா வெளியே வராமல் வாயில் கவ்விக்கொண்டு கிடந்தது. எடுத்துப் போட்டாள். இரண்டாவது, அதே கதை. மூன்றாவது, நான்காவது. தட்டுகள் எல்லாம் முழுசாகப் புல்லில் விழுந்தன. பிராலின் ஓடி ஓடித் தட்டுகளைக் கவ்விக் கொண்டுவந்து அவள் காலடியில் அடுக்கியது, பாவம், உதவி என்று நினைத்து.

"எண்ணெய் போதலையோ?" என்றான் ஓவி.

"எண்ணெய் எல்லாம் இருக்கு."

வீட்டுக்குள் வந்து எர்லீன் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். தோட்டா ஏதும் இல்லை என்று மூன்று தடவை விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஓவிக்குப் பயமாக இருந்தது. எர்லீன் கோபப்பட்டால் சமாளிக்கலாம், திட்டினால் சமாளிக்கலாம். கையை மடியில் வைத்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது.

"மைனோஸ்கிட்டச் சொல்லிருவமா?" என்றாள் மெதுவாக.

ஓவி காபி ஊற்றி வைத்தான். "மொதல்ல பிரிச்சுப் பாரு. சும்மா, எனக்குப் பொழுது போகட்டும். நீ பிரி, நான் ஒரு கதை சொல்றேன்." ஆலையில் எலி பிடிக்க வந்த பூனை நெல் மூட்டைக்குள் குட்டி போட்ட கதையை ஆரம்பித்தான். எர்லீன் நூறு தடவை கேட்டதுதான். கேட்டுக்கொண்டே குழலைக் கழற்றினாள், பெரிய சுருள்வில்லை உருவினாள், துடைத்தாள், திரும்பப் போட்டாள். பூனை நாலாவது குட்டி போடும் இடத்தில் அவள் கை நின்றது.

"யோவ். நிறுத்து."

"இன்னும் ரெண்டு குட்டி இருக்கு."

"பூனைய விடு. என் கையப் பாரு. வளையத்த எங்க போட்டேன் பாத்தியா?"

சுருள்வில்லோடு ஒரு எஃகு வளையம் வரும். கனமான தோட்டா என்றால் அதை வில்லுக்கு முன்னால் போட வேண்டும், உதையைப் பிடித்து நிறுத்த. லேசான தோட்டா என்றால் வில்லுக்குப் பின்னால், அடியில் ஒதுக்கிவிட வேண்டும். முப்பது வருஷமாக எர்லீன் கனத்த தோட்டாதான் சுட்டாள். அவள் புத்தி இடது தோளுக்கு மாறியிருந்தது, கண் மாறியிருந்தது, கை மட்டும் மாறவில்லை. வளையத்தை அது தன் பாட்டுக்குப் பழைய இடத்தில் போட்டுவிட்டிருந்தது. லேசான தோட்டாவின் உதைக்கு அந்தப் பிடியை மீறிக் குழலைத் தள்ளத் தெம்பில்லை.

"ஊருக்கே துப்பாக்கி சரி பண்ணிக் குடுக்கிறேன்," என்றாள் எர்லீன். சிரிப்பு வந்துவிட்டது. "போன வாரம் போஸ்ட்மேனுக்கு இதையேதான் வெளக்கினேன். அரை மணி நேரம் வெளக்கினேன்."

"அவனுக்குப் புரிஞ்சுதா?"

"அவனுக்குப் புரிஞ்சுதுய்யா."

வளையத்தை அடியில் போட்டாள். வியாழக்கிழமை ஓவி பத்துத் தட்டு எறிந்தான். கூனி பத்துத் தோட்டாவையும் துப்பியது. வெற்றுத் தோட்டா ஒவ்வொன்றும் அவள் மூக்குக்கு முன்னால் விர்ரென்று கடந்து போக, ஒவ்வொரு தடவையும் கண்ணைச் சிமிட்டினாள். தட்டுகளில் இரண்டு உடைந்தன. இரண்டு என்பது பெரிய சங்கதி இல்லை, ஆனால் இரண்டும் அவளுடையவை. இடது தோளில் ரப்பர் மெத்தை பதமாக அமுக்கியது, வலி இல்லை. அன்று ஓவியின் துப்பாக்கியையும் பிரித்துத் துடைத்து, பாகங்களை வரிசையாக வைத்துவிட்டு, "நீயே பூட்டு, பழகிக்க" என்று சொல்லிவிட்டு இறால் கூடு தைக்கப் போனாள்.

சனிக்கிழமை விடிகாலை வரப்பில் நடந்தார்கள். வாடை முகத்தில் அடித்தது. தண்ணீரில் பொம்மை வாத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. குழிக்குள் இறங்கி வைக்கோல் மூடியை இழுத்துக்கொண்டு, பிராலினை நடுவில் உட்கார வைத்து, ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள். தெற்கு மூலைக் குழியில் மைனோஸின் டார்ச் வெளிச்சம் அலைந்தது. சுட அனுமதி நேரத்துக்கு இன்னும் சில நிமிஷம் இருந்தது. இருவரும் தோட்டா ஏற்றினார்கள்.

எர்லீனின் காது ஓவியின் துப்பாக்கியில் இருந்தது. ஒன்று, இரண்டு. பிறகு மூன்றாவதும் வழுக்கிக்கொண்டு குழாய்க்குள் போய்க் கிளிக்கென்றது.

"ஓவி."

"ம்?"

"வாத்துக்கு மொத்தம் மூணு தோட்டாதான் சட்டம். குழாய்க்குள்ள ரெண்டுக்கு மேல போகக் கூடாதுன்னுதான மரக்குச்சி போட்டு வெச்சிருக்கோம். மூணாவது எப்படி உள்ள போச்சு?"

ஓவி யோசித்தான். அந்த இருட்டிலும் அவன் முகம் மாறுவது தெரிந்தது. "மேசை மேல ஒரு குச்சி கெடந்துச்சு."

"ஆமா."

"நல்ல வழுவழுன்னு, ஒரு சாண் நீளத்துக்கு."

"ஆமாய்யா, அதான்."

"கம்போ பொங்கிட்டு இருந்துச்சு புள்ள. மூடியச் சாய்ச்சு வைக்க ஒரு குச்சி வேணும்னு... எடுத்துச் சொருகினேன்."

எர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் போட்டுச் சிரித்தால் வாத்து கலையும். கண்ணில் நீர் வந்தது. "ரெண்டு நாளா நாம சாப்பிட்டது துப்பாக்கிக் குச்சி போட்ட கம்போவா?"

"நல்லா இருக்குன்னுதான சொன்ன."

குச்சி இல்லாத துப்பாக்கியோடு ஒரு வாத்தைச் சுட்டாலும் தப்புத் தப்புதான். காவலர் வந்து பார்க்கிறாரோ இல்லையோ, எர்லீன் இருக்கும் குழியில் அது நடக்காது. ஓவி தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். "கரையில நாணல் நிக்குது. நீ ரெண்டு நிமிஷத்துல ஒரு குச்சி சீவிருவ," என்றான்.

சீவலாம்தான். கத்தி அவள் பையிலேயே இருந்தது. அவள் கத்தியை எடுத்தாள், கையில் வைத்துப் பார்த்தாள், திரும்பப் பையில் போட்டாள். தவறினால் மூடி மறைக்க இன்றைக்குப் பக்கத்தில் துப்பாக்கி இல்லை.

"வேண்டாம். நீ ஊதுய்யா. நான் சுடறேன்."

ஓவி அவளைப் பார்த்தான். துப்பாக்கியை உறையில் போட்டு மூலையில் சாய்த்தான். கழுத்தில் தொங்கிய, வாத்துக் குரலில் கூப்பிடும் ஊதலை எடுத்து உதட்டில் வைத்தான்.

கீழ்வானம் சாம்பலானபோது கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. எர்லீன் எழுந்து மூன்று தோட்டாவும் சுட்டாள். மூன்றும் வெறுங்காற்றில் போயின. கூனி மட்டும் ஒழுங்காகத் துப்பித் துப்பி ஏற்றிக்கொண்டது.

தெற்கிலிருந்து மைனோஸின் குரல் மிதந்து வந்தது. "மச்சான், என்னாச்சு? கண்ணாடி போடலியா?"

எர்லீனின் காதுமடல் சிவந்திருந்தது. "முந்திட்டேன்," என்றாள் தனக்குத்தானே. "வலது கண்ணு எட்டிப் பாத்துருச்சு." டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினாள். தோட்டா ஏற்றினாள். அடுத்து நாலு வாத்துகள் தூரத்திலேயே சுற்றிவிட்டுப் போயின. அவள் எழவே இல்லை. குளிரில் விரல் மரத்தது, ஓவி தன் காபியை அவள் கையில் கொடுத்தான். குடிக்காமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தனியாக ஒரு ஊசிவால் வாத்துச் சேவல் வந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, மேலே மேலே வட்டம் போட்டது. ஓவி மெதுவாக ஊதினான், சட்டி மாவைக் கிண்டும் அதே பொறுமையோடு. ஒரு வட்டம், இரண்டு வட்டம். மூன்றாவதில் சிறகை வளைத்து, காலைத் தொங்கவிட்டு, பொம்மைகளுக்கு மேல் இறங்கியது. எர்லீன் எழுந்தாள். கட்டை இடது தோளில் தானாகப் பொருந்தியது. ஒரே ஒரு சத்தம். வாத்து அப்படியே மடங்கித் தண்ணீரில் விழுந்தது. பிராலின் பாய்ந்தது.

எர்லீன் துப்பாக்கியைத் தாழ்த்தவும் மறந்து நின்றாள். விழுந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தண்ணீர் விரிந்தது. அவள் ஓவியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயில் ஊதல் இருந்தது, இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. தானம் கொடுக்க இன்றைக்கு அவனிடம் எதுவும் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தெற்குக் குழியிலிருந்து சத்தம் வந்தது. "அடேங்கப்பா, என்னா குறி. மச்சான், உங்க கையே கை."

ஓவி பெஞ்சின் மேல் ஏறினான். வைக்கோல் மூடியைத் தள்ளிவிட்டு, இடுப்புவரை வெளியே தெரிய நின்று, காலியான இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி விரித்துக் காட்டினான்.

"மாப்ளே, நல்லாப் பாத்துக்கடா," என்று வயல் முழுக்கக் கேட்கக் கத்தினான். "என்கிட்டத் துப்பாக்கியே இல்ல."

ஓவி கையை இறக்குவதாக இல்லை. எர்லீன் அவன் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஒக்காருய்யா," என்றாள். "வடக்கால இன்னும் நாலு வருது."